பங்கு வாங்க எது நேரம்? குறுகிய கால வணிகருக்குச் சில குறிப்புகள்

1. முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், சீட்டு எடுத்த தொகை, நகையை அடகு வைத்த பணம், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியது எதையும் இதில் போடக்கூடாது. 2022-23 நிதியாண்டில் பங்குகளை இன்ட்ராடேயாக, அதாவது ஒரே நாளுக்குள், வாங்கி விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது. ஆகவே இக்குறிப்புகள், வாங்கிச் சில நாளோ சில வாரமோ வைத்திருந்து விற்பவர்களுக்கு மட்டும்.

2. கோட்டாறில் கடையோ, குலசேகரத்தில் ரப்பர் தோட்டமோ பார்க்கிறவர்கள் காலை 9.15 முதல் 3.30 வரை போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சந்தை முடிந்த பிறகு தினசரி சார்ட்டைப் பாருங்கள். மதியம் தெரியும் சிக்னல் 3.30க்குள் மறைந்துபோவது சகஜம். முடிந்த கேண்டிலையே நம்புங்கள்.

3. 50 நாள் மூவிங் ஆவரேஜ் ஏறுமுகமாக இருந்து, விலையும் அதற்கு மேலே இருக்கும் பங்குகளை மட்டும் பட்டியலிடுங்கள். அந்தப் பங்கு 20 நாள் ஆவரேஜ் வரை இறங்கி, பிறகு முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கலாம். ஏறி ஓடுவதைத் துரத்தி வாங்கினால் ஸ்டாப் லாஸ் (நட்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) வெகு தூரத்தில் போய்விடும்.

4. ஆர்.எஸ்.ஐ. 30க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். 1978இல் வெல்ஸ் வைல்டர் தந்த இந்தக் கருவி, 14 நாள் ஏற்ற இறக்கத்தின் வேகத்தை அளக்கிறது. அந்த இறக்கம் எங்கே நிற்கும் என்று அதற்குத் தெரியாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் தெரிந்த பெயர். 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் விற்ற அந்தப் பங்கு, 2020 மார்ச்சில் 2 ரூபாய் அளவுக்கு வந்தது. வழிநெடுக ஆர்.எஸ்.ஐ. எத்தனையோ முறை 30க்குக் கீழே போனது. ஒவ்வொரு முறையும் "மலிவு" என்று வாங்கியவரின் கதி என்னவாகியிருக்கும்! ஏறுமுகப் பங்கில் ஆர்.எஸ்.ஐ. 40, 50 வரை இறங்கித் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

5. ஆர்.எஸ்.ஐ., ஸ்டோகாஸ்டிக், எம்.ஏ.சி.டி. மூன்றும் ஒரே விலையிலிருந்து பிறந்தவை. மூன்றும் ஒத்துப்போனால் மூன்று சாட்சி என்று எண்ண வேண்டாம். ஒன்று போதும்.

6. வால்யூமை விடாதீர்கள். தோவாளைப் பூச்சந்தையில் வாங்க ஆளில்லாத நாளில் ஒருவர் கூட்டிச் சொல்லும் விலையை யாரும் விலையாக எடுப்பதில்லை. ரெசிஸ்டன்ஸை, அதாவது விலை முன்பு தடைபட்டு நின்ற மட்டத்தை, தாண்டும் நாளில் 20 நாள் சராசரியைவிட வால்யூம் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும்.

7. எந்த விலைக்கு வெளியேறுவது என்று வாங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள். முதலீடு ஒரு லட்சம் என்றால் ஒரு வணிகத்தில் நட்டம் 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 200 ரூபாய்க்கு வாங்கி 192இல் ஸ்டாப் லாஸ் வைத்தால், பங்குக்கு 8 ரூபாய் நட்டம். 1,000ஐ 8ஆல் வகுத்தால் 125 பங்குகள். அவ்வளவுதான் வாங்க வேண்டும். விலை இறங்கிய பிறகு ஸ்டாப் லாஸைக் கீழே நகர்த்தவே கூடாது.

8. காலாண்டு முடிவு வரும் தேதியைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். முடிவு மோசமாக இருந்து மறுநாள் விலை 180இல் திறந்தால் உங்கள் 192 ஸ்டாப் லாஸ் காப்பாற்றாது, 180 பக்கத்தில்தான் விற்கும்.

9. லாபக் கணக்கில் வரியையும் கழியுங்கள். ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம்.

10. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் "நாளைக்கு டபுள்" என்று வரும் பெயரை வாங்காதீர்கள். அவர்கள் அனுப்பும் ஆப்பில் பணமும் போடாதீர்கள். ஆலோசகரின் செபி பதிவெண்ணை செபி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.