இன்ப நெறியும் அற நெறியும்

நல்வாழ்வு யாது என்னும் வினாவிற்கு யவன நாட்டறிஞர் இருவர் வெவ்வேறு விடை பகர்ந்தனர். ஏதென்சு நகரில் ஒரு சோலையிலிருந்து கற்பித்த எப்பிக்கூரஸ் (கி. மு. 341–270) இன்பமே வாழ்வின் பயன் என்றார். அவர் கூறிய இன்பம் களியாட்டமன்று. உடல் நோவின்மையும் உளக் கலக்கமின்மையுமே ஆம். அதற்குத் துணையாவனவற்றுள் நட்பே தலையாயது என்பது அவர் கொள்கை. அந்நகரத்து ஓவிய மண்டபத்தில் கி. மு. 300 அளவிற் கற்பித்த சீனோவோ, அறமொன்றே நன்மை என்றார். செல்வமும் நோயும் சாவும் நம் வயத்தன அல்ல. நம் எண்ணமும் துணிவுமே நம் வயத்தன என்பது அவர்வழி வந்த ஸ்தோயிக்கர் துணிபு.

இவ்விரண்டனையும் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல் நம் நாட்டிலேயே உளது. கல்வராயன் மலையைத் தன்னகத்தே கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், பெண்ணையாற்றினிடையே கபிலர் குன்று நிற்கின்றது. தம் நண்பனாகிய பாரி மாய்ந்தபின், அவன் மகளிரைத் தக்கார்பால் ஒப்புவித்துவிட்டுக் கபிலர் உயிர் துறந்தார் என்ப. வடக்கிருந்தார் என்பது புறநானூற்று வழக்கு. தீப்புகுந்தார் என்பது முதல் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு.

கடமை முடியுங்காறும் அவர் உயிர் தாங்கியமையை ஸ்தோயிக்கர் போற்றுவர், பிரிவாற்றாமையைப் பிழையென்பர். மாய்ந்த நண்பனை நினைத்தலும் இனிதென்ற எப்பிக்கூரஸோ, அந்நினைவோடு வாழ்ந்திருத்தல் ஆகாதோ என வினவுவார்.

கபிலர் இறந்த வகையை யாம் போற்றவேண்டா. அம்மகளிர்க்காகத் துயரோடு வாழ்ந்த நாட்களே நமக்குப் பாடமாவன. நட்பின்றி அக்கடமை பிறந்திராது. உள்ளவுறுதியின்றி அது முற்றியிராது. ஆதலின், இருநெறியுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுதல் நல்வாழ்விற்குப் போதாதென்பது எம் கருத்து.