பிப்ரவரியில் மாட்டிக்கொள்ளாமல் தேதிக் கணக்குப் போடுவது எப்படி?

நகைக்கடன் கடை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் முதல் சூடு பட்டேன். 2012 பிப்ரவரி 28 அன்று அடகு வைத்த சங்கிலியை மீட்க மார்ச் 1 அன்று ஒருவர் வந்தார். திரையில் 73 நாள் வட்டி. கடைக்காரர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

மைஎஸ்கியூஎல்லில் இரண்டு தேதிகளுக்கு நடுவே வெறும் கழித்தல் குறி போட்டிருந்தேன். அது தேதியை எண்ணாக மாற்றிக்கொள்ளும். 20120301-இல் 20120228 போனால் 73. எரர் எதுவும் வராது. ஒரே மாதத்துக்குள் என்றால் விடையும் சரியாகவே வரும், ஏனென்றால் 15-இல் 10 போனால் 5தான். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒரே வாரத்துத் தேதிகள். மாதம் திரும்பியதும் குட்டு உடைந்தது.

அதன்பிறகு நான் கைக்கொள்ளும் வரிசை இது.

1. தேதியைத் தேதியாகவே வையுங்கள்

வார்சார் ஃபீல்டில் தேதியைப் போடாதீர்கள். க்வெரியில் 2024-04-05 என்று ஆண்டை முன்னால் எழுதுங்கள். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகைக்கு மட்டும் இடைக்கோடு இல்லாமல் 20240405. கோடு போட்டால் சில மொழி அமைப்புகளில் அது ஏப்ரல் 5-ஐ மே 4 ஆக்கிவிடும்.

2. நாள் வித்தியாசம் எடுங்கள்

போஸ்ட்கிரெஸில் தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நாள் கணக்கு முழு எண்ணாக வரும். ஆரக்கிளின் டேட் வகைக்குள் மணியும் ஒளிந்திருப்பதால் பின்னமும் வரலாம். மைஎஸ்கியூஎல்லில் டேட்டிஃப், பிந்தைய தேதியை முதலில் கொடுக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரிலும் அதே பெயர்தான், ஆனால் முந்தைய தேதி முதலில். நாலு நாள் இங்கே, நாலு நாள் அங்கே என்று வேலை பார்ப்பவர்கள் இதில் கட்டாயம் ஒருமுறை விழுவார்கள்.

வைத்த நாளும் மீட்ட நாளும் சேருமா என்பது கடைக்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தச் சங்கிலிக்குக் கழித்தால் 2, இரண்டு முனையையும் சேர்த்தால் 3. கேட்காமல் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

3. மாதம் கூட்டுங்கள், ஆனால் மூலத் தேதியிலிருந்து

எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். நாளுக்கு நீளம் உண்டு, மாதத்துக்குக் கிடையாது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும்? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் பிப்ரவரி 29 என்று சொல்லும். அதில் தகராறு இல்லை. அந்த விடையோடு இன்னொரு மாதம் கூட்டிப் பாருங்கள்: மார்ச் 29. அடுத்தது ஏப்ரல் 29. 31-ஆம் தேதித் தவணைக்காரர் பிப்ரவரியைத் தாண்டியதும் நிரந்தரமாக 29-ஆம் தேதிக்காரர் ஆகிவிட்டார். திரும்பக் கழித்தாலும் ஜனவரி 31 கிடைக்காது, 29தான் கிடைக்கும்.

அதனால் போன தவணைத் தேதியோடு ஒரு மாதம் கூட்டுகிற நிரலைக் கண்டால் அழித்துவிடுங்கள். கடன் தொடங்கிய தேதியை எடுத்து, அதோடு தவணை எண் அளவுக்கு மாதங்களைக் கூட்டுங்கள். ஜனவரி 31 கூட்டல் 1 பிப்ரவரி 29. கூட்டல் 2 மார்ச் 31. கூட்டல் 3 ஏப்ரல் 30. ஒவ்வொன்றும் தனிக்கணக்கு, ஒன்றின் பிழை அடுத்ததில் ஒட்டாது. போஸ்ட்கிரெஸின் ஜெனரேட் சீரிஸுக்கு ஒரு மாத இடைவெளி கொடுத்தால் அதுவும் படிப்படியாகக் கூட்டி மார்ச் 29-இல்தான் போய் நிற்கும். அதற்கு 1, 2, 3 என்று எண்களை மட்டும் கேளுங்கள். தேதியை நீங்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆரக்கிள்காரர்களுக்குத் தனிச் சங்கடம். ஆட் மந்த்ஸ் ஃபங்ஷன் மாதக் கடைசி நாளை மாதக் கடைசி நாளாகவே பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் 30 கூட்டல் 1 என்றால் மே 31. மற்ற மூன்றிலும் மே 30. சரி, இன்டர்வெல் போட்டுப் பார்க்கலாமே என்று ஜனவரி 31-உடன் ஒரு மாத இன்டர்வெல்லைக் கூட்டினால், அப்படி ஒரு தேதியே இல்லை என்று எரர் கொடுத்து நின்றுவிடும். எனக்கென்னவோ இதுவே நேர்மையாகப் படுகிறது.

மாதமும் நாளும் சேர்ந்து வந்தால் வரிசையையும் பாருங்கள். 2024 ஜனவரி 30-உடன் முதலில் ஒரு நாள், பிறகு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. முதலில் மாதம், பிறகு நாள் என்றால் மார்ச் 1. இரண்டையும் ஒரே இன்டர்வெல்லில் எழுதினால் போஸ்ட்கிரெஸ் மாதத்தைத்தான் முதலில் கூட்டும்.

என் பழக்கம்: தவணை நாள் 31 என்பதைத் தனி ஃபீல்டில் எழுதி வைத்துவிடுவேன். எந்த டேட்டாபேஸுக்கு மாறினாலும் ஒப்பந்தம் மாறாது.

4. பிட்வீனை மறந்துவிடுங்கள்

மார்ச் மாத வரவு வேண்டுமென்று மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை பிட்வீன் போடுவார்கள். ஃபீல்டில் நேரமும் இருந்தால் மார்ச் 31 என்பது அன்றைய நள்ளிரவு 12 மணி. அதன்பின் வந்த பணமெல்லாம் போச்சு. புத்திசாலித்தனமாக 23:59:59.999 என்று எழுதுபவர்கள் உண்டு. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் அதை ஏப்ரல் 1 நள்ளிரவாக உருட்டிவிடும். மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு, ஏப்ரல் 1-க்கு முன்பு என்று இரண்டு நிபந்தனையாக எழுதுங்கள். பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்ற யோசனையும் மிச்சம். ஃபீல்டின் மேல் ஃபங்ஷனைச் சுற்றாததால் இண்டெக்ஸும் வேலை செய்யும்.

5. ஐந்தரை மணி நேரத்தை நினைவில் வையுங்கள்

சர்வர் யூடிசியில் ஓடினால், ஜூலை 5 அதிகாலை 2 மணிக்கு இங்கே போட்ட ரசீது அங்கே ஜூலை 4 இரவு 8:30. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் முந்தைய நாள் கணக்கில் விழும். முதலில் நம் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு தேதியை வெட்டுங்கள். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று முழுப்பெயரில் எழுதுங்கள். ஐஎஸ்டி என்று சுருக்கினால், பல போஸ்ட்கிரெஸ் பதிப்புகளின் இயல்பமைப்பு அதை இஸ்ரேல் நேரமாக எடுத்துக்கொள்ளும்.

6. வயதை ஆண்டு வித்தியாசத்தால் கணக்கிடாதீர்கள்

எஸ்கியூஎல் சர்வரின் டேட்டிஃப் எத்தனை ஆண்டு எல்லை தாண்டியது என்றே எண்ணும். 2006 டிசம்பர் 31-இல் பிறந்த பையனுக்கு 2024 ஜனவரி 1 அன்று 18 வயது என்று சொல்லும். அவனுக்கு 17 முடிந்து ஒரு நாள்தான் ஆகிறது. இந்த ஆண்டுப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் கழியுங்கள். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப்டிஃப் முழு ஆண்டுகளையே எண்ணும், அங்கே கவலையில்லை.

7. பொல்லாத தேதிகளால் சோதியுங்கள்

இன்றைய தேதியை வைத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. ஜனவரி 31, சாதாரண ஆண்டின் பிப்ரவரி 28, லீப் ஆண்டின் பிப்ரவரி 28, 29, ஏப்ரல் 30, டிசம்பர் 31 இரவு 11:59, ஏதாவது ஒரு நாள் அதிகாலை 3 மணி. இத்தனையும் என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கின்றன. விடையைத் திரையில் பார்க்கும் முன் தினசரி காலண்டரைப் புரட்டி விரல்விட்டு எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரும் அன்றைக்கு அப்படி எண்ணித்தான் என்னைக் கூப்பிட்டார்.