பாடம் சொல்லும் படங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு சிற்றூருக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றேன். குளக்கரையில் பலகைக்கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் எழுத்துகள் இருந்தன. மணி பன்னிரண்டரை, பிள்ளைகளுக்குப் பசி. நின்ற இடத்திலிருந்தே கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். மறுவாரம் வகுப்பறைத் திரையில் அவற்றைப் போட்டபோது, எழுத்து இருப்பது தெரிந்தது. என்ன எழுத்து என்பது தெரியவில்லை. உச்சி வெயிலில் கல் முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. போதாததற்குக் கை வேறு அசைந்திருந்தது.

"இன்னொரு நாள் போய் எடுத்துக்கலாம்" என்று சொன்னேன். அந்த இன்னொரு நாள் வர நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் குளக்கரையைச் சீரமைத்துச் சிமெண்ட் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். கல் எங்கே போனதென்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப அதுல என்னதான் சார் எழுதியிருந்துச்சு?" இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்று என் கையில் இருந்தது நல்ல கைப்பேசிதான். குறை கருவியில் இல்லை. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று நான் கற்றுக்கொள்ளாததில்தான் இருந்தது. அதன்பிறகு கற்றுக்கொண்டவற்றைக் கல், பறவை, கரும்பலகை என்ற மூன்று பாடப்பொருள்களின் வழியே பகிர்ந்துகொள்கிறேன்.

எந்தக் கேமரா வாங்குவது?

பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 3508 × 2480 புள்ளிகள் போதும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. வகுப்பறைத் திரைக்கு 1920 × 1080 புள்ளிகள் போதும். அது ஏறத்தாழ 2 மெகாபிக்சல். இன்றைய சாதாரணக் கைப்பேசியும் 12 மெகாபிக்சல் தருகிறது. ஆகவே மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளியில் சிறிது நிதி இருந்தால் முதலில் ஒரு முக்காலி வாங்குங்கள். அடுத்து, கூடுதலாக ஒரு நினைவக அட்டை. பறவைகளைப் படமெடுக்கும் ஆர்வம் இருந்தால் மட்டும், 300 மி.மீ. வரை நீளும் லென்சுடன் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைத் தேடலாம்.

குழாயும் குடமும்

கேமராவில் நாம் மாற்றக்கூடியவை மூன்று. தெருக்குழாயில் குடம் நிரப்புவதை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கும் எளிதில் விளங்கும்.

அப்பர்ச்சர் என்பது குழாயின் வாய் அகலம். ஷட்டர் வேகம் என்பது குழாய் திறந்திருக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்பது குடத்தின் அளவு. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் சின்னக் குடத்தை வைப்பதாகப் பொருள். கொஞ்சம் ஒளியிலேயே நிரம்பிவிடும், ஆனால் சேர்ந்த ஒளி குறைவு என்பதால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு தெரியும். குடம் வழிந்தால் படம் வெளுக்கும், நிரம்பாவிட்டால் இருளும்.

கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நல்ல கணக்கு உண்டு. எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8 என்ற வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் √2 மடங்கு. துளையின் விட்டம் √2 மடங்கு குறைவதால் பரப்பளவு பாதியாகிறது. உள்ளே வரும் ஒளியும் பாதியாகிறது. அதை ஈடுகட்ட ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 1/250 நொடி 1/125 நொடியாகும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. 'ப்ரோ' நிலைக்குச் சென்றால் மற்ற இரண்டையும் மாற்றலாம்.

கல்: வெளிச்சம் சாய வேண்டும்

நம் பகுதியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பல்லாவரத்தில் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. திரிசூலம் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்பது உலகப் பெயர். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் வைத்த பெயர் அது.

கல்லில் வெட்டிய எழுத்து நிழலால்தான் தெரிகிறது. உச்சி வெயில் நேராக விழும்போது பள்ளத்தில் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை. என் படங்கள் வீணானதற்கு முதல் காரணம் இதுதான். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்திற்குள்ளோ, மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலோ, ஒளி கல்லின் பக்கவாட்டிலிருந்து வழுக்கிச் செல்லும்போது எடுக்க வேண்டும். அந்த நேரத்திற்குப் போக முடியாவிட்டால் ஒரு மாணவரிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, வெயிலைத் திருப்பிக் கல்லின்மேல் சாய்வாக விழச் செய்யலாம். நிழலான இடத்தில் ஒரு கைவிளக்கே போதும். விளக்கை இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என்று வைத்து எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு மற்றொன்றில் தெரியும்.

அமைப்பு: ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, முக்காலி. முக்காலி இல்லையென்றால் கைப்பேசியைச் சுவரோடு அணைத்துப் பிடித்து, 2 நொடித் தாமதம் வைத்து எடுங்கள். கேமரா கல்லுக்கு நேர் எதிரே, இணையாக இருக்க வேண்டும். 15 செ.மீ. அளவுகோலை ஓரத்தில் வைத்தால் எழுத்தின் உயரம் பின்னால் கணக்கிடக் கிடைக்கும்.

நீளமான கல்வெட்டைத் தூர நின்று ஒரே படத்தில் அடக்க முயல வேண்டாம். 1858-இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாகப் பதிவு செய்து, ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். நாமும் அப்படியே செய்யலாம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது வருமாறு நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும்.

எழுத்து தெரியட்டுமென்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் பூசக் கூடாது. கோயில்களுக்குள் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தலைமையாசிரியரின் கடிதத்துடன் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் விமான நிலையமும் பாதுகாப்புத் துறை இடங்களும் அருகிலேயே இருக்கின்றன. அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாமல் இருக்க மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பறவை: நேரத்தைப் பிடிக்க வேண்டும்

கல் காத்திருக்கும், பறவை காத்திருக்காது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளை அங்கே காணலாம். பூநாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான் என்று பிள்ளைகள் பெயர் சொல்லிப் பழக நல்ல இடம்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதைவிட வேகம் வேண்டும். எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைத்து, ஐ.எஸ்.ஓ.-வைத் தானியங்கியில் விட்டு, மேல் எல்லையை 1600 என்று குறியுங்கள். கரகரப்பான படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. குவியம் பறவையின் கண்ணில் இருக்கட்டும்.

கைப்பேசி மட்டும் இருந்தால் விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். மென்பொருள் புள்ளிகளை ஊதிக் காட்டுகிறதே தவிரப் பறவை அருகில் வருவதில்லை. இருநோக்கியின் கண்ணாடியில் கைப்பேசி லென்சைப் பொருத்தி எடுத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பறவையை விட்டுவிட்டு அது வாழும் இடத்தை எடுங்கள். நாணல், நீர், அதன் பின்னால் எழும் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே சட்டத்தில் வரும் படம், சூழலியல் பாடத்தில் பறவையின் முகப்படத்தைவிட அதிகம் பேசும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று எடுத்தால் அது சதுப்புநிலத்தின் வரலாறாகிவிடும்.

கரும்பலகை: கேமரா செய்யும் பிழை

கரும்பலகையைப் படமெடுத்தால் ஏன் சாம்பலாகத் தெரிகிறது? மாணவரின் வெள்ளைத் தாள் ஏன் அழுக்கேறியதுபோல் வருகிறது? கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்கிறது. கறுப்பைப் பார்த்தால் வெளுக்க வைக்கிறது. வெள்ளையைப் பார்த்தால் மங்க வைக்கிறது. அதன் எண்ணத்தை நாம்தான் திருத்த வேண்டும். கரும்பலகைக்கு ஒளித்திருத்தத்தை −1 என்றும் வெள்ளைத் தாளுக்கு +1 என்றும் வையுங்கள். கைப்பேசியில் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியைக் கீழோ மேலோ நகர்த்தினால் போதும். வெயிலில் நிற்கும் வெண்கொக்கின் இறகு வெளுத்துப் போவதும் இதனால்தான். பின்னால் கருநீர் பரந்திருக்கும்போது −1 வையுங்கள்.

மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஆகவே சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் நிறுத்தினால் பட்டை மறையும்.

திருத்தும் மென்பொருள்

கைப்பேசிக்கு ஸ்னாப்சீட் இலவசச் செயலி. கணினிக்கு ஜிம்ப், டார்க்டேபிள், டிஜிகாம் ஆகியவை கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருள்கள். பள்ளிக் கணினியில் லினக்ஸ் இருந்தாலும் இயங்கும். முதலில் மூலப் படத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சாய்வை நிமிர்த்துதல், வேண்டாத ஓரத்தை வெட்டுதல், வெண்மைச் சமன், ஒளி-நிழல் வேறுபாடு, இறுதியாகச் சிறிது கூர்மை என்ற வரிசையில் செல்லுங்கள். கல்வெட்டுப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கினால் பாசியும் கறையும் கண்ணை இழுக்காமல் எழுத்து மேலெழும்.

ஓர் எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவால் 'தெளிவாக்கும்' வசதியைக் கல்வெட்டிலும் பறவையிலும் பயன்படுத்த வேண்டாம். அது தேய்ந்த எழுத்தைப் படிப்பதில்லை. தானே ஓர் எழுத்தை எழுதிவிடுகிறது. அழகான படம் கிடைக்கும், ஆனால் சான்று போய்விடும்.

இடமும் நாளும்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், படைப்பயிற்சித் திடலை ஒட்டிய சரளைக் குழியில், இராபர்ட் புருஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. இடமும் நாளும் குறிக்கப்பட்டதால்தான் அந்தக் கல் சான்றாக நிற்கிறது. இல்லாவிட்டால் அதுவும் சரளையோடு சரளைதான்.

படத்திற்கும் அதே விதி. கோப்பின் பெயரை '2025-01-18_பள்ளிக்கரணை_கூழைக்கடா_03' என்பதுபோல் வையுங்கள். கேமராவின் நாள், நேரம் சரியா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். எடுத்த நாள், இடம் பற்றிய குறிப்பும் அழியும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். பள்ளிக் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என மூன்று நகல் இருக்கட்டும்.

குழந்தைகள் இருக்கும் படத்திற்கு விதி நேர்மாறானது. அங்கே இடக்குறிப்பை அணைத்துவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. செய்யும் கையையும் செய்த பொருளையும் எடுத்தால் பெரும்பாலும் போதும், முகம் தேவைப்படாது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு நாணயம், ஒரு கைவிளக்கு, ஒரு கைப்பேசி. அறையை இருட்டாக்குங்கள். நாணயத்தின்மேல் விளக்கை நேர் மேலே வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பின் விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி ஒரு படம். இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாகப் போட்டு, எதில் எழுத்து தெரிகிறது, ஏன் என்று குழுவாகப் பேசச் செய்யுங்கள். ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த நாள் தங்கள் தெருவில் உள்ள பழைய கல், கிணறு, மரம் ஏதேனும் ஒன்றைக் காலை ஏழு மணிக்கு எடுத்துவந்து, நாளும் இடமும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இந்தச் செயல்பாட்டைச் செய்துவிட்டுத்தான் இப்போது மாணவர்களைக் களத்திற்கு அழைத்துச் செல்கிறேன். வண்டியில் ஏறும் முன்பே யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "சார், வெயில் எந்தப் பக்கம் விழும்?" குளக்கரைக் கல்லுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. உங்கள் ஊரில் இன்னும் சாய்ந்து கிடக்கும் கல்லுக்குத் தாமதமாகிவிட வேண்டாம்.