காற்றும் நீரும் எழுப்பும் ஓசை

ஓசை ஆகாயத்தின் குணம். எனினும் அது ஆகாயத்தோடு நின்றுவிடுவதில்லை. காற்று, தீ, நீர், நிலம் ஆகிய மற்றை நான்கு பூதங்களுக்கும் ஓசை உண்டு என்பது சைவ சித்தாந்தம் கூறும் கணக்கு. ஆயினும் காற்று வெறுமனே வீசுவதால் இசை பிறந்துவிடாது. அதிர்வதற்கு ஒரு பொருள் வேண்டும். ஆதலால் இத்தகைய கருவி எதைக் கண்டாலும் "இங்கே அதிர்வது எது?" என்று பிள்ளைகள் கேட்டுப் பழகுதல் நன்று.

யாழ்ப்பாணத்துப் பட்டங்களில் பூட்டப்படும் விண் இதற்குத் தக்க உதாரணமாகும். வளைத்த வில்லொன்றின் இரு முனைகளுக்கும் இடையே தட்டையான நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலைப்பக்கத்தில் பொருத்துவர். முன்னர் பனைநார், பின்னர் பெட்டி கட்டும் பிளாஸ்ரிக் நாடா. பட்டம் மேலெழுந்ததும் காற்று மோதி நார் படபடவென்று அதிர, விண் கூவத் தொடங்கும். ஊதுபவரும் இல்லை, மீட்டுபவரும் இல்லை. நாரை இறுக்கினால் சுருதி உயரும். நீட்டிக் கட்டினால் தாழும். வாடைக் காற்று வீசும் தைப்பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியே நடைபெறுகின்றது. இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பவருக்கு அவ்வொலியே காவலாளி. கூவல் தளர்ந்தால் காற்று விழுகின்றது என்று அறியலாம்.

நீரின் செய்தி சற்று வேடிக்கையானது. ஜலதரங்கத்தில் பீங்கான் கிண்ணங்களில் நீர் வார்த்து, மெல்லிய குச்சிகளால் விளிம்பில் தட்டுவர். நீரைக் கூட்டக் கூட்டச் சுருதி இறங்கும். சீதா துரைசுவாமி (1926–2013) போன்ற கலைஞர்கள் கரண்டி கரண்டியாக நீர் வார்த்துத்தான் சுருதி சேர்ப்பர். வெறும் போத்தலொன்றின் வாயில் ஊதினாலோ, நீரைக் கூட்டக் கூட்டச் சுருதி ஏறும்! காரணம் எளிது. கிண்ணத்தில் அதிர்வது அதன் சுவர். நீரின் பாரத்தையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் அதன் அதிர்வு மெதுவாகின்றது. போத்தலில் அதிர்வது உள்ளே நிற்கும் காற்று; நீர் ஏற அந்த இடம் சுருங்குகின்றது. ஒரே போத்தலைத் தட்டியும் ஊதியும் பார்த்தால் இரண்டும் விளங்கிவிடும்.

குரோசியா நாட்டின் சாடர் நகரில் 2005 ஆம் ஆண்டு கடலோரப் படிகளுக்கு அடியில் 35 குழாய்கள் பதிக்கப்பட்டன. அலை புகுந்து குழாய்க் காற்றைத் தள்ள, அவை ஒலிக்கின்றன. கடல் பாடுவதாகச் சொன்னாலும் அங்கும் அதிர்வது காற்றே.

கடையில் வாங்கும் பட்டங்களில் பெரும்பாலும் விண் இருப்பதில்லை. நார் சீவுவதும் அளவாக இறுக்குவதும் பெரியவர்களின் கையைப் பார்த்துப் பழக வேண்டியவை. அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும். தெஹிவளைக் கடற்கரையில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றுக்குக் குறைவில்லை. புகையிரதப் பாதையையும் மின்கம்பிகளையும் விட்டு விலகி நின்று, முழ நீள நாடாவொன்றை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக் காற்றுக்குக் காட்டினாலே போதும். அது கூவாவிட்டால் இன்னும் சற்று இறுக்கிப் பார்க்கலாம்.