எபிக்டெட்டசின் விளக்கும் நம் வாளியும்

தத்துவம் என்றதும் கொட்டாவி விடும் நண்பர்களே, எபிக்டெட்டசைச் சற்றுப் பாருங்கள். அடிமையாய் வாழ்ந்தவர், டொமிஷியன் மன்னன் தத்துவ ஞானிகளை உரோம் நகரினின்று விரட்டவே, கிரேக்கத்து நிக்கோப்பொலிசில் பள்ளி நடத்தினார். அவருடைய இரும்பு விளக்கை ஒருவன் திருடிச் சென்றான். நாளை மண்விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதோடு விட்டாரா? ஒரு விளக்குக்குத் தன் நேர்மையையே விலையாகக் கொடுத்தானே என்று திருடனின் நட்டத்தையும் கணக்கிட்டார்!

குளிக்கப் போகுமுன், அங்கே நீர் தெறிக்கும், இடிப்பார்கள், ஏசுவார்கள், திருடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே போ என்பதும் அவர் பாடம். நம் விடுதிக் குளியலறையைக் கண்டிருப்பாரோ என்பது என் ஐயம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கருவியின் பிழையை முன்னரே கணக்கில் சேர்க்கிறோமே, அதே முறைதான்.

இவ்வாண்டு என் வாளி இருமுறை களவு போயிற்று. இப்போது வைத்திருப்பது பழைய எண்ணெய் டின். அதை எவரும் தொடவில்லை; சற்று அவமானமாகத்தான் இருக்கிறது.