இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: அப்பா வாங்கிய 1972 அம்பாசடர் மார்க் 2 பெட்ரோல் கார் நீலப் புகை தள்ளுகிறது, இழுவையும் இல்லை. இசுசூ டீசல் இன்ஜின் வைக்கச் சொல்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்ரீமுஷ்ணம்

பதில்: வேண்டாம். முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில், அல்லது ஹெட் கேஸ்கெட்டில்.

உங்கள் 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைப்பு. பிளாக் வார்ப்பிரும்பு. ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லை என்றால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் கிரைண்ட் செய்து பேரிங் மாற்றுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றாலும், தேடினால் உதிரிபாகம் கிடைக்கிறது.

டீசல் வைத்தால் செலவு இன்ஜினோடு நிற்காது. மவுன்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் கூடவே மாறும். டிரம் பிரேக் போதுமா என்ற கவலையும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவு அலுவலக அனுமதியின்றி ஆர்.சி. விவரத்துக்கு மாறாக இன்ஜினை மாற்றக் கூடாது. இன்னொன்று: 50 ஆண்டு கடந்த வாகனங்களை ‘வின்டேஜ்’ ஆகப் பதிய 2021 விதிகள் இடம் தருகின்றன. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்.

பிளாக் சரிசெய்ய முடியாதபடி உடைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் இதே ரகப் பெட்ரோல் இன்ஜினையே தேடி, ரசீதோடு வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.