வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு

பிள்ளைகள் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அதுவரை பேச ஆளில்லாமல் இருக்கும் பெரியவர்களின் தனிமையை வெறும் மனக்குறை என்று விட்டுவிடக் கூடாது. நாள்பட்ட தனிமை மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது.

முதலில் சாப்பாட்டைக் கவனியுங்கள். ‘எனக்கு மட்டும் எதுக்குச் சமைக்கணும்’ என்று காபி, பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு இது ஆபத்து. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். போனில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பதைவிட, ‘மதியம் என்ன குழம்பு?’ என்று கேளுங்கள். உண்மையும் தெரியும், பேச்சும் நீளும்.

காது மந்தமானவர்கள் பேச்சையே குறைத்துக்கொள்வார்கள், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மனம் தாங்காவிட்டால் 14416, எந்த நேரமும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெரிய எழுத்தில் எழுதி இன்றே சுவரில் ஒட்டிவையுங்கள்.